உன் அப்பாவின் கால்சைனில் பேசியவனுக்கு

தம்பி,

உன் பெயரை இதில் எழுதவில்லை. பெற்றவள் என்ற முறையில் நான் உனக்குக் காட்டும் தயவு அவ்வளவுதான். எங்களுக்கு இருப்பது ஒரே மகன் என்பது ஊருக்கே தெரியும், அதற்கு நான் பொறுப்பில்லை. எழுதி முடித்ததும் இதை எங்கள் ரேடியோப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன். அங்கிருந்து உன் அப்பாவின் ரேடியோ கிளப் குழுவுக்கும், அதிலிருந்து பெரியப்பா, சித்தி எல்லாருக்கும் எவ்வளவு வேகமாகப் போகும் என்று உனக்குத் தெரியாததில்லை. போடலாமா என்று கவிதாவிடம் கேட்டேன். உன்னைக் கட்டிக்கொண்டவள் அவள், கேட்பதுதான் முறை. "போடுங்க அத்தை. என் பேரை மறைக்க வேணாம். அவர் பேரை மட்டும் விட்டுடுங்க, ஆபீஸ்ல சிரிப்பாங்க," என்றாள். உன்மேல் அவளுக்கு இருக்கும் இரக்கம் எனக்கு இல்லை.

செமினியில் வீடு வாங்கி, பால் காய்ச்சி, தனிக்குடித்தனம் போயிருக்கிறாய். இப்படிப் போகும் பிள்ளைக்கு அம்மா எழுதும் கடிதத்தில் கொஞ்சம் புத்திமதி இருக்கும். கூடவே, நானும் உன் வயதில் தப்புச் செய்தவள்தான் என்று நாலு வரி அழுகையும் இருக்கும். அந்த நாலு வரியை என்னிடம் எதிர்பார்க்காதே. நான் என் தப்பைச் சொன்னால் உன் தப்பைத் தூக்கி அதன் பின்னால் ஒளித்து வைத்துவிடுவாய். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நீ பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து பார்த்துவருகிறேன்.

கார் லைசென்ஸ் பரீட்சைக்குப் போய்விட்டு வந்து "பாஸ் மா" என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பா கிள்ளானில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சித்தியின் கல்யாணத்துக்குச் சாமான் ஏற்றிப் போக உன் கையில் சாவியைக் கொடுத்த அன்று உனக்கு வயிற்றுவலி வந்தது. வயிற்றுவலி போன பிறகு கிளட்ச் சரியில்லை என்றாய். கிளட்ச்சுக்குப் பிறகு, டெஸ்ட் எடுத்தவரின் முகமே சரியில்லை என்றாய். காரை ரிவர்ஸில் நிறுத்தத் தெரியாமல் பெயிலானேன் என்ற ஒரு வார்த்தை மட்டும் உன் வாயிலிருந்து வரவில்லை. அப்போது நாங்கள் சிரித்துவிட்டோம், வயது அப்படி என்று. இப்போது உனக்கு முப்பது தாண்டிவிட்டது, முன் தலையில் முடியும் குறைந்துவிட்டது, வயதின் மேல் பழி போட இனி இடமில்லை.

சித்திகளுக்கும் மாமாக்களுக்கும் புரிய வேண்டுமே என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். அமெச்சூர் ரேடியோ என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலை இல்லை. பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே ரேடியோ செட்டில் ஊரோடும் உலகத்தோடும் பேசுவது. லைசென்ஸோடு ஒரு கால்சைன் தருவார்கள், எழுத்தும் எண்ணும் சேர்ந்தது. காற்றில் நம் பெயர் அதுதான். வாயைத் திறந்தால் அதைச் சொல்ல வேண்டும். ஒருவருடைய கால்சைனை இன்னொருவர் தன்னுடையதுபோல் சொல்லிப் பேசுவது, அடுத்தவர் அடையாள அட்டையைக் காட்டிக் கடன் வாங்குகிற மாதிரி. எங்கள் ரேடியோ உலகத்தில் அதைவிடக் கேவலம் கிடையாது. கண்டுபிடித்தால் கால்சைனுக்குச் சொந்தக்காரருக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

உன் அப்பா லைசென்ஸ் வாங்கியபோது நீ பிறக்கவில்லை. பின்னறையில் செட்டை வைத்துக்கொண்டு அவரும் அவர் நண்பர்களும் பேசிய பேச்செல்லாம் சுவர் வழியாக எனக்குக் கேட்டிருக்கிறது. எந்த ஆன்டெனா, எந்தக் கேபிள், மழை பெய்கிறதா, சாப்பிட்டாச்சா. இந்த மேதாவித்தனத்தில் பெண்கள் கலந்துகொண்டால் அதன் தரம் கெட்டுவிடும் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அவர்களுடைய மரியாதைப் பேச்சைப் பார். இருபது வயதுப் பையனாக இருந்தாலும் ஒருவரை ஒருவர் ஓல்ட் மேன் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். பெண் என்றால் எந்த வயதிலும் யங் லேடி. அவளே அவர்களில் ஒருவரின் மனைவி என்றால், எக்ஸ் யங் லேடி. கிளப்பின் வருடாந்திர விருந்தில் மனைவிமார் மேசையில் அந்த மூன்று எழுத்தை அட்டையில் எழுதி நிற்க வைத்திருந்தார்கள். எக்ஸ் ஒய் எல். தாலி கட்டியதும் நான் முன்னாள் ஆகிவிட்டேனாம், கட்டியவர் அப்படியே இருக்கிறாராம். அந்த அட்டையை மடித்துச் சாம்பார் கிண்ணத்துக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

எங்களில் முதலில் லைசென்ஸ் வாங்கியவர் மெர்சி டீச்சர். பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் டியூஷன் நடத்துகிறாரே, அவர்தான். கணவர் போன பிறகு, அவர் விட்டுப்போன செட்டை விற்க மனமில்லாமல், படித்துப் பரீட்சை எழுதி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் வரிசையாகக் கால்சைன் சொல்லி வருகையைப் பதிவு செய்வார்களே, 'நெட்' என்ற அந்த ரேடியோக் கூட்டத்தில் முதல்முறை குரல் கொடுத்தார். அன்று நெட்டை நடத்தியவர் கிளப்பில் இருக்கும் நம் தமிழ் இளைஞர் ஒருவர்தான். "ஆன்டி, அங்கிள் பக்கத்துல இருக்காரா? அவர்கிட்ட மைக்கக் கொடுங்க லா," என்றார். "அவர் செராஸ் கல்லறையில இருக்கார் தம்பி. உங்க ரிப்பீட்டர் அது வரைக்கும் எட்டுமான்னு தெரியல," என்றார் டீச்சர். மலைமேல் நின்று குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் அந்த ரிப்பீட்டர் வழியாகத்தான் எங்கள் எல்லாருடைய பேச்சும் போகும். சிலாங்கூர் மாநிலம் முழுவதும் அதைக் கேட்டது.

அன்றைக்கே டீச்சர் எனக்குப் போன் செய்தார். என்னை விசாரிக்கக்கூட இல்லை. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க, நோட்ஸ் தரேன்," என்றார். அப்படித்தான் அந்த மாடி அறையில் எங்கள் வகுப்பு தொடங்கியது. கீழேயிருந்து மட்டன் வாசம் வரும், மேலே நாங்கள் மின்சாரத்தின் ஓம் விதியைப் படிப்போம். யாரும் பரீட்சைக்குத் தனியாகப் போகக் கூடாது, பாஸான ஒருத்தி வெளியே காத்திருக்க வேண்டும். பாஸானவள் அடுத்த வகுப்புக்கு இன்னொருத்தியைக் கூட்டிவர வேண்டும். பெயிலானவளைத் திட்டாமல் முதலில் சாப்பிட வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வழக்கம் வைத்தோம். ஒரு பெண் முதல்முறை காற்றில் கூப்பிடும்போது, அவளுக்கு முதல் பதில் இன்னொரு பெண்ணிடமிருந்து வர வேண்டும். ஆண்கள் அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் வரவேற்கட்டும். மெர்சி டீச்சருக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக் கூடாது, அவ்வளவுதான். என் முதல் அழைப்புக்கு டீச்சர் பதில் சொன்னார்.

இதற்கு நடுவில் நீயும் ரேடியோப் பரீட்சை எழுதினாய். பாஸ் என்று அப்பாவிடம் சொன்னாய். கால்சைன் எங்கே என்றதற்கு, "ப்ராஸஸ் ஆகிட்டு இருக்கு பா," என்றாய். கிளப்புக்குக் கறிப்பஃப் வாங்கிக்கொண்டு போய், மகனும் ரேடியோவுக்கு வந்துவிட்டான் என்று அந்த மனிதர் கொண்டாடினார். உனக்குக் கையடக்கச் செட் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். கவிதாவிடமும் அதே ப்ராஸஸ் கதைதான். நான் மட்டும் கிளட்ச்சை நினைத்துக்கொண்டேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. செலாயாங்கில் பல் கிளினிக்கில் வேலை பார்க்கும் ஷீலாவுக்குக் கால்சைன் வந்துவிட்டது, அன்று அவளுடைய முதல் நெட். வாரம் முழுவதும் சமைத்துக்கொண்டே எனக்கு வாய்ஸ் நோட் அனுப்பிப் பழகினாள். பதில் சொல்லும் முறை என்னுடையது. உன் அப்பா மேசையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னறைக் கதவு திறந்திருந்தது. ஷீலா கூப்பிட்டாள். கால்சைனை ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, சரியாகச் சொன்னாள். நான் மைக்கை எடுப்பதற்குள் ஒரு குரல் முந்திக்கொண்டது. அது சொன்ன கால்சைன் உன் அப்பாவுடையது. உன் அப்பாவோ என் எதிரில் சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"ஆன்டி, ஆன்டி. இது ரிப்பீட்டர், பாசார் இல்ல. இப்படி இழுத்து இழுத்துச் சொன்னா யாரும் காத்திருக்க மாட்டாங்க. முதல்ல வீட்ல ஹஸ்பண்ட்கூட பிராக்டிஸ் பண்ணிட்டு அப்புறம் மேல வாங்க, ஓகே லா?"

பத்து மாதம் சுமந்தவளுக்குக் குரல் தெரியாதா? ஷீலாவுக்கு உன்னைவிட வயது குறைவு. கல்யாணமும் ஆகவில்லை. லைசென்ஸ் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றுகூட உனக்குத் தெரியாது. தெரியாத ஒருத்திக்கு, உனக்கு இல்லாத தகுதியை வைத்துக்கொண்டு, உன்னுடையதே இல்லாத பெயரில் பாடம் நடத்தினாய். அந்தப் பெண் "சாரி சார், தேங்க்யூ சார்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. மைக்கை அழுத்தி என் கால்சைனைச் சொன்னேன். "இப்ப பேசின ஸ்டேஷன், ஆபரேட்டர் பேரைச் சொல்லுங்க," என்றேன். இன்னொரு தடவை கேட்டேன். காற்றில் எவ்வளவு பெரிய வீரன் நீ, உன் பெயரைக் கேட்டதும் செட்டை அணைத்துவிட்டாய்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"மா, ஏன் மா எல்லாரும் கேக்கும்போது அப்படிக் கேட்டீங்க?"

"யாரை என்ன கேட்டேன்?"

"இல்ல மா..." என்று இழுத்தாய்.

"நான் உங்கப்பா கால்சைனைத்தான் கேட்டேன். உனக்கு ஏன் வலிக்குது?"

அதன் பிறகுதான் பெயிலான கதை வந்தது. கேள்வித்தாள் புது மாதிரியாம். ஹாலில் குளிர் அதிகமாம். கிளட்ச் ஒன்றுதான் பாக்கி. உன் அப்பாவிடம் சொன்னபோது அவர், "நம்ம பையன்தானே, விடு லா," என்றார். ஒரு மகனின் பொய்யை விழுங்க அவருக்கு ஒரு வாய்த் தோசை போதுமாக இருந்தது. அந்த நிமிடம் அவர்மேலும் எனக்கு அருவருப்புதான் வந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த நெட்டுக்கு ஷீலா வரவில்லை. அதற்கடுத்த நெட்டுக்கும் வரவில்லை. செட்டை அலமாரியில் வைத்துவிட்டாளாம். மெர்சி டீச்சர் கூப்பிட்டபோது, "எனக்கு இது சரி வராது டீச்சர்," என்றாளாம். இதை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் வெகு நேரம் பின்னறையில் உட்கார்ந்திருந்தார். மறு ஞாயிறு நெட்டில் தன் முறை வந்ததும் தன் கால்சைனைச் சொல்லி, அன்று அதில் பேசியது தான் இல்லை, தன் மகன், அவனுக்கு லைசென்ஸ் இல்லை, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றார். அதிகாரிகளுக்கும் தானே எழுதிவிட்டதாகச் சொன்னார். அவருடைய லைசென்ஸை என்ன செய்வார்கள் என்று இன்னும் தெரியாது. எத்தனையோ வருடம் ஆன்டெனாவைப் பற்றி மட்டுமே பேசிய அந்த ஓல்ட் மேன்கள் அன்று மழை பெய்கிறதா என்றுகூடக் கேட்காமல் நெட்டை முடித்தார்கள். நீ அன்று செட்டையே திறக்கவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

இனி கவிதா விஷயம். அவள் எங்கள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவரை உனக்கு அது வேடிக்கை. "டைம் பாஸ் பண்ணட்டும் மா," என்று என்னிடமே சிரித்தாய். அவள் பரீட்சைக்குப் பணம் கட்டியதும் சிரிப்பு நின்றது. ரேடியேஷன் பெண்களுக்கு ஆகாது என்றாய். ராத்திரியெல்லாம் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவன் நீ. ஆம்பளைகள் காற்றில் கண்டபடி பேசுவார்கள் என்றாய். ஷீலாவிடம் கண்டபடி பேசியவன் யார்? குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாய். குழந்தை பிறந்த பிறகு ஒருத்திக்கு ஓம் விதி படிக்க நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறவனுக்கு நான் என்ன சொல்வது? கடைசியில், அவள் பரீட்சைக்குப் போனால் நீ வீட்டில் சாப்பிட மாட்டாய் என்றாயாம். கஜாங்கில் பாலர் பள்ளி ஆசிரியை அவள். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வருகிறவள்.

அவள் கஜாங்கில் கொம்யூட்டர் ரயில் ஏறி, சென்ட்ரலில் மாறி, கிள்ளானுக்கு வந்தாள். அழுதுகொண்டு வரவில்லை, கையில் வாழைப்பழக் கேக்கோடு வந்தாள்.

"அத்தை, எழுதட்டுமா வேணாமான்னு கேக்க வரல. அவருக்குக் கால்சைன் ஏன் இன்னும் வரலன்னு மட்டும் சொல்லுங்க. நெட்ல மாமா என்ன சொன்னாருன்னு டீச்சர்கிட்ட கேட்டா, உங்ககிட்ட கேக்கச் சொல்றாங்க."

நான் உனக்காகப் பொய் சொல்லவில்லை.

"பெயில். எங்க எல்லார்கிட்டயும் பாஸ்னு சொல்லிட்டான். மாமா கால்சைன்ல ஷீலாகிட்ட அப்படிப் பேசினதும் அவன்தான்."

அவள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "பெயிலானதுக்கா இவ்வளவு? நான் பாஸானா என் கால்சைன் வந்திடும், அவருது வராது, அதானா?" வெட்டிய துண்டை என் பக்கம் நகர்த்தினாள். "என்கிட்ட சொல்லியிருந்தா சேர்ந்து படிச்சிருப்போமே அத்தை. பெயிலானவங்கள நாங்க சாப்பிடத்தானே கூட்டிட்டுப் போவோம்."

அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது. உனக்காக இல்லை. இப்படிப்பட்டவளை, தன்னைவிட ஒரு காகிதம் முன்னால் வாங்கிவிடுவாளோ என்று பயந்து அறைக்குள் பூட்டப் பார்த்திருக்கிறாயே, அந்த அற்பத்தனத்துக்காக. அவள் உன்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூட உனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். அவள் சிரிக்கிற ஆளே இல்லை. மூன்று வருடம் கூட வாழ்ந்தும் உனக்கு அது தெரியவில்லை.

பரீட்சை அன்று அவளை நீ கொண்டுபோய் விடவில்லை. மெர்சி டீச்சரின் பழைய காரில் நாங்கள் போனோம். ஹால் வாசலில் எங்களுக்கு முன்பே ஒரு பெண் நின்றிருந்தாள். ஷீலா. காற்றில்தான் வரமாட்டேன் என்றாளே தவிர, பரீட்சைக்குப் போகிறவளைத் தனியாக விடக் கூடாது என்ற வழக்கத்தை அவள் விடவில்லை. கவிதா நேராக அவளிடம் போய், "அன்னிக்கு உங்கள ஆன்டின்னு சொன்னது என் வீட்டுக்காரர்தான் அக்கா," என்றாள். ஷீலா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "குரல் நல்லாத்தான் இருந்துச்சு. ஆள்தான் சரியில்ல," என்றாள். "நீ உள்ள போ. பென்சில் இருக்கா?" இரண்டு பேரும் சிரித்தார்கள். நீ உடைத்ததை உன் பெண்டாட்டி அந்த வாசலில் நின்று ஒட்ட வைத்தாள்.

கவிதா பாஸ். இதை அவளே உன்னிடம் சொல்லியிருப்பாள், ஏனென்றால் அவளுக்கு மறைக்கத் தெரியாது. "ஓ, ஓகே," என்று மட்டும் சொன்னாயாம். சமைத்ததைச் சாப்பிட்டாயாம். உன் உண்ணாவிரதத்தின் லட்சணம் அது. நேற்று அவளுக்குக் கால்சைன் வந்துவிட்டது. அதை அவள் உன்னிடம் இன்னும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் என்று அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாளை காலை நெட்டில் அவள் முதல்முறையாகப் பேசப்போகிறாள். அவளுக்கு முதல் பதில் சொல்லும் முறையை யாருக்குக் கொடுப்பது என்று டீச்சர் குழுவில் கேட்டார். நான் கையைத் தூக்கியிருக்கலாம், மாமியார் என்ற உரிமையில். "நான் சொல்றேன்," என்று ஷீலா எழுதினாள். அலமாரியிலிருந்து செட்டை எடுத்துச் சார்ஜில் போட்டிருக்கிறாளாம்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டிய புத்திமதிக்கு வருகிறேன், ஒன்றே ஒன்றுதான். கவிதா உன் வீட்டு ஹாலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசுவாள். நீ அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாய், அப்பா வாங்கிக் கொடுத்த செட்டைக் கையில் வைத்துக்கொண்டு. உன்னை எனக்குத் தெரியும், திறக்காமல் இருக்க மாட்டாய். அவள் குரல் உனக்குச் சுவர் வழியாக ஒரு தடவை, செட் வழியாக ஒரு தடவை கேட்கும். அவள் தன் கால்சைனைச் சொல்லி, யாராவது கேட்கிறீர்களா என்று கேட்பாள். செலாயாங்கிலிருந்து ஷீலா பதில் சொல்வாள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து டீச்சர் வருவார், கிள்ளானிலிருந்து நான் வருவேன். அவளுக்கு மிக அருகில் இருப்பவன் நீதான். பட்டனை அழுத்தி ஒரு வார்த்தை சொல்ல உனக்கு உரிமை இல்லை. பேசாமல் கேட்டுக்கொண்டிரு.

அம்மா
கிள்ளான்